19 கிலோ டெலுக்ஸ் ரிவெர்பும் 10 கிலோ டெலுக்ஸ் ரிவெர்பும்

இரண்டு வாரமாக என் அறையில் இரண்டு ஃபெண்டர் டெலுக்ஸ் ரிவெர்ப் கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று என்னுடையது, 1965 மாடலின் மறுவெளியீடு, வால்வு ஆம்ப், அதாவது கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்குவது. இன்னொன்று நண்பர் விட்டுவிட்டுப் போன டோன் மாஸ்டர், அதே ஆம்பை டிஜிட்டலாக்கி ஃபெண்டரே 2019இல் கொண்டுவந்தது. அதே கருப்பு உறை, அதே வெள்ளித் துணி, அதே குமிழ்கள். தூக்கினால்தான் தெரியும், என்னுடையது 19 கிலோ, அது பத்து கிலோவும் கொஞ்சமும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் இருக்கிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

எடை எங்கே போனது? என் ஆம்பில் மொத்தம் ஒன்பது வால்வு, கூடவே இரும்பாகக் கனக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள். டோன் மாஸ்டரில் இவை எதுவும் கிடையாது. வால்வு சர்க்யூட் எப்படி நடந்துகொள்ளுமோ அதை ஒரு சிப் கணக்குப் போட்டுத் தருகிறது, அதற்குப் பின்னால் 100 வாட் டிஜிட்டல் பவர் ஆம்ப் இருக்கிறது. 22 வாட் வால்வு ஆம்பின் அடியைத் திரும்பக் கொண்டுவர அவ்வளவு பவர் கையிருப்பு வேண்டியிருக்கிறது.

முதலில் இரண்டுக்கும் முன்னால் எஸ்எம்57 மைக் வைத்து, வால்யூம் மூன்றில் ஒரே வாசிப்பைப் பதிவு செய்தேன். எங்கள் பேண்டில் இரண்டு பேரைக் கூப்பிட்டு எது எதுவென்று கேட்டேன். மாற்றி மாற்றிச் சொன்னார்கள், பாதிக்குப் பாதி தப்பு. நானே மறுநாள் கேட்டபோது தடுமாறினேன். சரி, பதிவுக்கு என்றால் இந்த விவாதம் எனக்கு அதோடு முடிந்தது.

ஆனால் வால்யூமை ஆறுக்குத் திருப்பி வாசிக்கும்போது கைக்கு வேறு கதை. என் ஆம்பில் அழுத்தி ஒரு ஈ கார்டு அடித்தால் ஒலி ஒரு கணம் அமுங்கி, அப்புறம் விரிந்து எழுந்து வருகிறது. ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு 6வி6 வால்வும் திடீரென்று மின்சாரம் இழுக்க, ஏசியை டிசியாக்கித் தரும் ரெக்டிஃபையர் வால்வு அதை உடனே கொடுக்க முடியாமல் வோல்டேஜ் இறங்குவதால் வருவது அது. டோன் மாஸ்டரும் இதைச் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. எனக்கு வித்தியாசம் பட்டது கிட்டாரின் வால்யூம் குமிழில்தான். பத்திலிருந்து ஏழுக்கு இறக்கினால் என் ஆம்பில் கரகரப்பு படிப்படியாகக் கரைகிறது, விரலை எவ்வளவு மெல்ல வைக்கிறேனோ அவ்வளவு. டோன் மாஸ்டரில் அந்த ஏழு இன்னும் கொஞ்சம் கட்டியாகவே நிற்கிறது.

இன்னொன்று, என் ஆம்பை லேசாகத் தட்டினால் உள்ளே எதிரொலி தரும் ரிவெர்ப் ஸ்பிரிங் அதிர்ந்து ஸ்பீக்கரில் இடி மாதிரி கேட்கும். டோன் மாஸ்டரைத் தட்டினால் ஒன்றுமில்லை, அதில் ஸ்பிரிங்கே இல்லையே. மேடையில் அது நல்லதுதான், ஆனாலும் எனக்கு அந்த இடி பிடிக்கும்.

போன மழைக்காலத்தில் என் ஆம்ப் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பின்பக்கம் உட்கார்ந்து, பென்சிலின் ரப்பர் முனையால் சின்ன வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன், மூன்றாவதைத் தட்டியதும் ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரி ஒலித்தது. அந்த இடத்தில் வேறொரு 12ஏஎக்ஸ்7 வால்வு செருகினேன், பத்து நிமிட வேலை. (வால்வு மாற்றுவது வேறு, சர்க்யூட் இருக்கும் உலோகச் சேஸிக்குள் கை விடுவது வேறு. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் தங்கும், தெரியாமல் தொடாதீர்கள்.) டோன் மாஸ்டரின் போர்டு போனால் என்னால் எதுவும் செய்ய முடியாது.

இவ்வளவு சொல்லியும், வால்யூம் ஆறில் என் ஆம்பை வீட்டில் எத்தனை முறை வாசித்திருப்பேன்? நான்கு வருஷத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. மூன்றுக்கு மேல் போவதில்லை, மூன்றில் அது கரகரப்பில்லாமல் கிளீனாக மட்டுமே பாடும். டோன் மாஸ்டரின் பின்னால் ஒரு குமிழ் இருக்கிறது, 22 வாட்டிலிருந்து 0.2 வாட் வரை இறக்கலாம். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு 0.2இல் வைத்து, வால்யூம் ஆறில், ஒரு மணி நேரம் வாசித்தேன். ஸ்பீக்கர் காற்றைத் தள்ளி நெஞ்சில் இடிப்பது அதில் இல்லை. ஆனால் அந்தக் கரகரப்பு, கார்டு அமுங்கி எழுவது, எல்லாம் இருந்தது. குழந்தை எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை ஹாலில் வாசிக்கிறோம், அதற்கு 19 கிலோவைத்தான் தூக்கிக்கொண்டு இறங்கப் போகிறேன். நண்பரிடம் அவருடையதை இன்னும் ஒரு மாதம் இங்கேயே விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.