நீட் எழுதப்போகிறவர்களுக்கு: உங்கள் நம்பிக்கையையும் எண்ணில் எழுதுங்கள்

2025 நீட் ரிசல்ட் வந்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அந்தக் கடினமான பிசிக்ஸ் பகுதியை எழுதியவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனை மணிக்கு எழுந்தேன், எந்தப் புத்தகம் படித்தேன் என்பதை விட்டுவிடுகிறேன். எனக்குக் கைகொடுத்தது ஒன்றே ஒன்று: மாக் டெஸ்டில் (மாதிரித் தேர்வில்) ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் எவ்வளவு உறுதி என்று எழுதியது.

"பிசிக்ஸ் எப்படிப் போகுது?" என்றால் "சுமார்தான்" என்போம். அதை வைத்து என்ன திட்டம் போடுவது? உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 2006இல் எழுதிய வழிகாட்டியில், குறிப்பிட்ட ஒரு வேலையைச் சொல்லி, இப்போது இதை உன்னால் செய்ய முடியுமா என்று 0 முதல் 100 வரை கேட்கச் சொல்கிறார். அதைத்தான் சுருக்கிக்கொண்டேன்.

- விடையைக் குறித்த உடனே வினாத்தாள் ஓரத்தில் 90, 60, 30 இதில் ஒன்று. ரொம்ப யோசிக்கக் கூடாது.
- விட்டுவிடத் தோன்றும் கேள்விக்கும் ஒரு விடை, ஓர் எண் கட்டாயம்.
- கீ (சரியான விடைப் பட்டியல்) வந்ததும், பாடவாரியாக ஒவ்வோர் எண்ணிலும் எத்தனை சரி என்று பார்க்கவும்.

பிசிக்ஸில் நான் 30 போட்டவற்றில் பாதிக்கு மேல் சரி! சாய்தளத்தில் உருளும் கோளத்தின் முடுக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உராய்வில்லாமல் வழுக்கினால் ஜி சைன் தீட்டா. உருண்டால் அதைவிடக் குறைவு. அதிலேயே ஓரிரு ஆப்ஷன் கழன்றுவிடும். ஆனாலும் மனசு "தெரியாது, விடு" என்று சொல்லும். நீட்டில் சரிக்கு 4 மார்க், தப்புக்கு 1 கழிவு. ஐந்தில் ஒன்று சரியானாலே நஷ்டமில்லை. பயந்த சுபாவம் உள்ளவர்கள் இந்தக் கணக்கை நூறு தடவை போட்டுப் பாருங்கள். எனக்குத் தைரியம் வந்தது இதிலிருந்துதான். யாருடைய ஊக்கப் பேச்சும் அதைத் தரவில்லை.

பயாலஜியில் நேர்மாறு. என்சிஇஆர்டி பாடப்புத்தகத்தில் பார்த்த வரி மாதிரி தெரிந்தாலே கை 90 போட்டுவிடும். கூற்று–காரணம் கேள்விகளில் அவை அடிக்கடி தப்பு.

கடைசி மாத ரிவிஷன் வரிசையையும் இந்தக் கணக்கே சொன்னது. 90 போட்டுத் தப்பானவை முதலில், 60 போட்டுத் தப்பானவை அப்புறம். 30இல் தப்பானவற்றைக் கடைசிவரை தொடவில்லை. நேரம் இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்.