சாமி விளக்கும் நாற்பது மீட்டரும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையேறிப் போன பிறகும் எங்கள் தண்டையார்பேட்டைச் சந்துக்குக் கரண்ட் வர நாலு நாள் ஆனது. வாசலில் முழங்காலளவு தண்ணீர். செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. இரண்டாம் நாள் ராத்திரி இன்வெர்ட்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றி நேராக ரிக்குக்கு, அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ஊர் உலகத்தோடு பேசுகிற என் ஹாம் ரேடியோ பெட்டிக்கு, கொடுத்தேன்.

"ஃபேனுக்கு வச்சிருந்த கரண்ட்ட அந்தப் பொட்டிக்கு ஊத்தறியா?" என்றார் அம்மா.

கேட்க மட்டும் என்றால் ஒரு ஆம்பியர்தான் இழுக்கும் என்று சமாதானம் சொல்லிவிட்டு நாற்பது மீட்டர் பேண்டை, அதாவது ஹாம்களுக்கு ஒதுக்கிய 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, திறந்தேன். ரிக் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இரைச்சலே இல்லை. வருகிற சிக்னலோ இரைச்சலோ எவ்வளவு பலம் என்று காட்டும் எஸ் மீட்டர் 1-ல் படுத்துக் கிடந்தது. ஆன்டெனா கனெக்டரை இரண்டு முறை திருகிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. டயலை உருட்டினால் ஒரு மூலையில் நிதானமான மோர்ஸ், கொஞ்சம் தள்ளி இந்தோனேசியாக்காரர்கள் இருவர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷத்தில் நான் அவர்கள் பேச்சைத்தான் கேட்டிருக்கிறேன், சிரிப்பைக் கேட்டதில்லை.

நாலாம் நாள் மதியம் கரண்ட் வந்தது. தெருவே 'ஹே' என்று கத்தியது. மாடியில் என் எஸ் மீட்டர் 8-க்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபல். ஏழு படி என்றால் 42 டெசிபல், ஏறக்குறைய 16,000 மடங்கு சக்தி. இத்தனை வருஷமாக ‘பேண்ட் சரியில்லை’ என்று, தூரத்து ரேடியோ அலை வந்து சேர்வதைத் தீர்மானிக்கிற சூரியன்மேல் நான் போட்ட பழியெல்லாம் அன்றைக்கே வாபஸ்.

பெரம்பூரில் ஒரு மூத்த ஹாம் இருக்கிறார். அவரிடம் புலம்பினேன். "ஊரைச் சொல்றதுக்கு முன்னாடி உன் வீட்டைப் பாரு தம்பி" என்றார். சரியென்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரிக்கைப் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயினை இறக்கினேன். 8-லிருந்து 5. அதாவது மேலே இருக்கிற மூன்று படியும் எங்கள் வீட்டுச் சரக்கு. மின்விசிறி நின்றதும் அம்மா கூப்பிட்ட குரலில் சோதனை அத்தோடு முடிந்தது.

இங்கேதான் நான் தப்புக்கணக்கு போட்டேன். அணைத்து வைத்திருக்கும்போதும் எது கரண்ட் தின்கிறதோ அதுதான் இரைச்சலும் போடும் என்று எனக்குள் ஒரு முடிவு. திருடனும் சத்தம் போடுகிறவனும் ஒரே ஆள் என்று நம்பினால் வேலை சுலபம் பாருங்கள். பெரியவரிடம் ஒயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் கடன் வாங்கி, ஒவ்வொரு சாமானாக ஆம்பியரை அளந்து, 230 வோல்ட்டால் பெருக்கி வாட் என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். சும்மா கிடக்கிற பிரிண்டர் 7 வாட் என்று வந்தது. மொபைல் சார்ஜருக்கு ஒன்றுமே காட்டவில்லை.

பெரியவர் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சாமான்களில் கரண்ட் நுழைகிற இடத்திலேயே ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே ஒரு கெப்பாசிட்டர். அது ஒவ்வொரு சுற்றிலும் கரண்ட்டை வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடும். கிளாம்ப் மீட்டருக்கு வாங்கியதுதான் தெரியும், திருப்பிக் கொடுத்தது தெரியாது. ஆக, இரைச்சலை அடக்க ஒழுங்காக ஃபில்டர் போட்டவன் என் நோட்டில் குற்றவாளி, ஃபில்டரே போடாதவன் உத்தமன். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய், பிளக்கில் செருகுகிற வாட் மீட்டர் ஒன்று வாங்கி வந்தேன். ஒரு வாட்டுக்குக் கீழே அதையும் முழுசாக நம்ப முடியாது. இருந்தாலும் பிரிண்டர் 1 வாட் என்று இறங்கியது.

இந்த முறை நோட்டில் இரண்டு பத்தி. ஒன்றில் வாட், இன்னொன்றில் காது. காதுக்கு வைத்துக்கொண்டது அப்பாவின் பழைய மீடியம் வேவ் டிரான்சிஸ்டர் ரேடியோ. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸிலிருந்து முள்ளைக் கீழே தள்ளி, ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பிளக்குக்கும் பக்கத்தில் கொண்டுபோவேன்.

செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தால் சிவப்பு லைட் வரும், 8 வாட். படம் ஓடும்போது 10 வாட். அணைத்ததாக நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் டிரான்சிஸ்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஏசி ஓடாதபோதும் அதன் ஸ்டெபிலைசர் 6 வாட். உள்ளே பழைய பாணி டிரான்ஸ்ஃபார்மர், லேசாகச் சூடாகுமே தவிர ரேடியோவில் மூச்சு விடாது. கொசு மருந்து மெஷினை யாரும் காலையில் பிடுங்குவதில்லை, அது 5 வாட். வெறும் ரெசிஸ்டன்ஸ் என்பதால் அதுவும் சாது. ரவுட்டர் 7 வாட், கொஞ்சம் முனகல். எம்.சி. ரோட்டில் பிளாட்பாரத்தில் வாங்கின சார்ஜர், போன் எதுவும் மாட்டாமல் சும்மா தொங்கும்போது வாட் மீட்டரில் 0.1. டிரான்சிஸ்டரைக் கிட்டே கொண்டுபோனால் வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரி பொரிந்து தள்ளியது. லோடு இல்லாதபோது கரண்ட்டை மிச்சம் பிடிக்க அந்தச் சின்ன சர்க்யூட் தொடர்ந்து ஓடாமல் விட்டு விட்டுத் துடிக்கும். மிச்சம் பிடிக்கிற அந்தத் துடிப்புதான் கடுகு.

உலகளவில் 1999-லேயே சர்வதேச எரிசக்தி முகமை ‘சாதனம் சும்மா இருக்கும்போது தின்கிற ஸ்டாண்ட்பை கரண்ட் ஒரு வாட்டுக்குள் வரட்டும்’ என்று ஆரம்பித்துவிட்டது. ஐரோப்பாவில் 2013-லிருந்து சும்மா இருக்கிற சாதனத்துக்கு அரை வாட்தான் வரம்பு. இந்தச் சார்ஜர் அந்தக் கணக்கில் தங்கப் பதக்கம் வாங்கும். அதே சார்ஜரால் என் பேண்டில் ஒரு ஆள் பேசக் கேட்க முடியாது. இரண்டு பத்தியும் ஒட்டவே இல்லை.

ஆனால் சார்ஜரைப் பிடுங்கியும் ஒரு உறுமல் பாக்கி. 7.020, 7.085, 7.150 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்று இடத்தில் மேடு மேடாக வந்தது. இடைவெளியைப் பாருங்கள், 65 கிலோஹெர்ட்ஸ். யாரோ வினாடிக்கு 65,000 தடவை ஸ்விட்ச் ஆகிறான், அவனுடைய 108, 109, 110-ஆவது ஹார்மோனிக், அதாவது 65-இன் அத்தனையாவது மடங்கு, என் 200 கிலோஹெர்ட்ஸ் பேண்டுக்குள் வந்து விழுகிறது. டிரான்சிஸ்டரைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். கொண்டுபோய் விட்ட இடம் பூஜை அலமாரி.

சாமி படங்களைச் சுற்றிப் போட்ட எல்இடி பட்டை. இருபத்து நாலு மணி நேரமும் எரியும். 2 வாட்.

"சாமிக்கு எரியறதையா அணைக்கச் சொல்ற?"

"அணைக்க வேணாம்மா. அடாப்டரை மட்டும் ஒரு நாள் குடு."

அடாப்டரின் முதுகில் ஸ்க்ரூ இல்லை, ஒட்டியிருந்தது. கத்தியை விட்டு நெம்பினேன். உள்ளே தீப்பெட்டி அளவு போர்டு. கரண்ட் நுழைகிற இடத்தில் வெள்ளை எழுத்தில் 'எல்1' என்று அச்சடித்து, இரைச்சலைத் தடுக்கும் கம்பிச்சுருளான 'காயில்' நிற்க நாலு துளையும் போட்டிருந்தார்கள். காயில் இல்லை. நாலு துளையையும் இரண்டு கம்பித் துண்டுகளால் நேராக இணைத்து ஈயம் வைத்திருந்தது. பக்கத்தில் 'சிஎக்ஸ்1' என்று இன்னொரு காலி இடம், கெப்பாசிட்டருக்கு. வரைந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது, செய்தவனுக்கும் தெரிந்திருக்கிறது. சில ரூபாய் மிச்சம். எனக்கு அந்தக் கம்பித் துண்டுகள்மேல்தான் கோபம் வந்தது. தெரியாமல் விட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

காயிலில்லாத அடாப்டர் இரைச்சலைத் தன் ஒயரிலேயே வெளியே தள்ளும். சுவரில் ஓடும் ஒயரிங் முழுக்க ஆன்டெனா ஆகிவிடும். அதற்குப் பத்தடி மேலேதான் தண்ணித் தொட்டியில் கட்டிய என் இருபது மீட்டர் நீள டைபோல் ஆன்டெனா தொங்குகிறது. (அதில் இப்போதும் இரண்டு காற்றாடி நூல் சிக்கியிருக்கிறது, அது வேறு கதை.) விட்டுப்போன காயிலுக்குப் பதிலாக, முதலில் பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து பிடுங்கிய மஞ்சள் வளையத்தில் அடாப்டர் ஒயரைச் சுற்றினேன். பிரயோஜனமில்லை. அது இரும்புத் தூள் வளையம், இந்த வேலைக்கு ஆகாது என்று பெரியவர் சொல்லித்தான் தெரியும். அப்புறம் அவரே கறுப்பு ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையம் ஒன்று கொடுத்தார். ஒயரை அதற்குள் ஒன்பது சுற்று. சுற்று இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்கு ஏறும் என்பதால், ஒரு சுற்றோடு நிறுத்துவதில் அர்த்தமில்லை. 7.085 மேடு தரையோடு போய்விட்டது. சாமி விளக்கு அணையவில்லை.

வாட் பத்தியும் வீணாகவில்லை. நோட்டில் உள்ளதெல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 30 வாட். ஒரு வாட் இரண்டு மாதம் விடாமல் ஓடினால் 1.44 யூனிட், 30 வாட்டுக்கு 43 யூனிட். செட்டாப் பாக்ஸையும் ஸ்டெபிலைசரையும் சுவிட்சிலேயே அணைக்கப் பழகினோம், பதினைந்து யூனிட் குறைந்தது. அடுத்த ரீடிங்கில் 500 யூனிட்டுக்குள் வந்தோம். 500 தாண்டினால் கீழ்ப்படிகளின் ரேட்டும் சேர்ந்து மாறுமே, அதனால் கையில் மிஞ்சியது அந்தப் பதினைந்து யூனிட்டின் காசைவிட அதிகம். அம்மா என் ரேடியோவைப் பற்றி நல்லவிதமாகப் பேசியது அந்த ஒரு நாள்தான்.

கீழ்வீட்டில் ஒரு அக்கா ஜாக்கெட் தைக்கிறார். போன வருஷம் மெஷினுக்கு சர்வோ மோட்டார் மாற்றினார், கரண்ட் மிச்சம் என்று. உண்மைதான், பழைய கிளச் மோட்டார் தைக்காதபோதும் சுற்றிக்கொண்டே இருக்கும். இது பெடலை மிதித்தால்தான் சுற்றும். ஆனால் மிதிக்காமல் சும்மா இருக்கும்போதும் அதை ஓட்டுகிற எலக்ட்ரானிக் பெட்டி என் பேண்டில் கீச்சிடுகிறது. ஒரு நாள் அவரை மாடிக்குக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். பையனைக் கீழே அனுப்பி மெஷினை அணைக்கச் சொன்னோம். கீச்சு நின்றது. "இது என் மெஷினா?" என்று நம்பாமல் மூன்று தடவை அணைத்துப் போடச் சொன்னார். இப்போது ராத்திரி வேலை முடிந்ததும் பெட்டி சுவிட்சை அணைத்துவிடுகிறார். தீபாவளிக்கு முந்தின மாதம் மட்டும் நான் கேட்பதில்லை, அது அவருக்கு ஓவர்டைம் சீசன்.

இப்போது மீட்டர் ராத்திரியில் 4. மிச்சம் தெருவுடையது. கடல் பக்கம் என்பதால் கரண்ட் போஸ்ட் பீங்கான்களில் உப்புப் படிந்து, பனி இறங்கினதும் சரசரக்க ஆரம்பித்துவிடும். அதற்கு என்னிடம் வளையம் இல்லை. நல்ல மழை அடித்து உப்பைக் கழுவிவிட்டால் இரண்டு மூன்று நாள் 3-க்கு இறங்கும். நேற்று ராத்திரி பெய்தது. இதைத் தட்டிவிட்டு மாடிக்குப் போகிறேன்.