தைராய்டு ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் போவது தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணுக்குத்தான். டி.எஸ்.எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 4.8, பக்கத்தில் 0.4 முதல் 4.0 வரை என்ற வரம்பு. உடனே ‘தைராய்டு வந்துவிட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்த வரம்பு வந்த வழி தெரிந்தால் பதற்றம் குறையும். தைராய்டு கோளாறு இல்லாத பலரின் ரத்தத்தைச் சோதித்து, கிடைத்த அளவுகளை வரிசைப்படுத்தி, அடியில் 2.5 சதவீதத்தையும் உச்சியில் 2.5 சதவீதத்தையும் வெட்டிவிட்டு, மிஞ்சியதைத்தான் ‘நார்மல்’ என்று அச்சிடுகிறார்கள். ஆக, நலமாக இருப்பவர்களிலேயே இருபதில் ஒருவர் வரம்புக்கு வெளியே நிற்பார். சோதிக்கும் கருவி மாறினால் வரம்பும் மாறும். ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் வரம்போடு ஒப்பிடாதீர்கள்.

டி.எஸ்.எச் தைராய்டில் சுரப்பதல்ல. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தாலே டி.எஸ்.எச் பல மடங்கு ஏறிவிடும். அதனால் 4.8 என்பது சின்ன அசைவு, 48 என்பது வேறு கதை.

எப்போதும் டி.எஸ்.எச்சையும் ஃப்ரீ டி4-ஐயும் (புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் இருக்கும் டி4) ஜோடியாகப் படியுங்கள். முன்னது ஏறி, பின்னது இறங்கியிருந்தால் தைராய்டு சுரப்புக் குறைவு, குழப்பமில்லை. டி.எஸ்.எச் மட்டும் ஏறி, ஃப்ரீ டி4 வரம்புக்குள் இருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். கூடவே ஆன்டி டி.பி.ஓவும் (தைராய்டைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள்) பார்ப்பது நல்லது. பலருக்கு அதற்குள் டி.எஸ்.எச் தானாகவே இறங்கிவிடும். 10-ஐத் தாண்டி நிலைத்தால்தான் பொதுவாக மாத்திரைப் பேச்சு வரும். வயதானவர்களுக்கு டி.எஸ்.எச் சற்றே கூடுதலாக இருப்பது இயல்பு. கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது: முதல் மூன்று மாதங்களில் எச்.சி.ஜி என்ற கர்ப்பகால ஹார்மோனால் டி.எஸ்.எச் இறங்கும், வரம்பே வேறு, காத்திருக்கவும் கூடாது.

டி.எஸ்.எச் இறங்கி ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் தைராய்டின் இன்னொரு ஹார்மோனான டி3 பாருங்கள். சிலருக்கு அது மட்டுமே எகிறியிருக்கும்.

பலரும் கோட்டைவிடும் ஜோடி இன்னொன்று: ஃப்ரீ டி4 குறைவு, டி.எஸ்.எச் ‘நார்மல்’. டி4 குறைந்தால் டி.எஸ்.எச் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் கோளாறு பிட்யூட்டரியில் இருக்கலாம். டி.எஸ்.எச் மட்டும் எடுக்கும் மலிவான ஸ்கிரீனிங்கில் இது அகப்படாது.

எண்ணைக் கெடுக்கும் சங்கதிகளும் உண்டு. முடி வளர என்று விழுங்கும் பயோட்டின் மாத்திரை அதில் முதலாவது. பல கருவிகளின் சோதனை முறையே பயோட்டினை நம்பி இயங்குவதால், அதிக டோஸ் எடுத்தவருக்கு டி.எஸ்.எச் பொய்யாக இறங்கியும் டி4 பொய்யாக ஏறியும் காட்டும். பார்ப்பதற்கு அச்சு அசல் தைராய்டு மிகைச் சுரப்பு! குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். டோஸ் மிக அதிகமென்றால் இன்னும் முன்பே. கடும் காய்ச்சலிலோ ஆஸ்பத்திரிப் படுக்கையிலோ எடுத்த சோதனையை நம்ப வேண்டாம், ஸ்டீராய்டும் டி.எஸ்.எச்சை அமுக்கும். டி.எஸ்.எச் நள்ளிரவை ஒட்டி உயர்ந்து பிற்பகலில் தாழும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

தைராக்ஸின் (மாத்திரை வடிவ டி4) சாப்பிடுபவர்கள் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். முன்னால் போட்டால் சில மணி நேரம் ஃப்ரீ டி4 கூடுதலாகத் தெரியும். டோஸ் மாற்றிய இரண்டாவது வாரமே சோதிப்பது வீண் செலவு. டி4 உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும்; அது சமநிலைக்கு வந்து பிட்யூட்டரியும் இசைந்துகொடுக்க ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். இடையில் கால்சியம், இரும்பு மாத்திரைகளை நான்கு மணி நேரமாவது தள்ளிப் போடாவிட்டால் தைராக்ஸின் சரியாக உறிஞ்சப்படாமல் டி.எஸ்.எச் ஏறும், தேவையில்லாமல் டோஸும் கூடும்.