ஊசியும் நூலுமாக ஒரு நாடு: நியூயார்க்கில் பசீட்டா அபாட் கண்காட்சி

மன்ஹாட்டனிலிருந்து குயின்ஸ் நோக்கிச் செல்லும் 7-ஆம் எண் ரயில், கிழக்காற்றின் அடியில் புகுந்து, மறுகரையில் தரைக்கு மேலேறி, இரும்புத் தூண்களின் மீது ஓடத் தொடங்கும் இடத்தில் கோர்ட் ஸ்கொயர் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சில நிமிட நடையில் வரும் பழைய செங்கல் கட்டடம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அரசுப் பள்ளியாகக் கட்டப்பட்டது. 1976 முதல் சமகாலக் கலைக்கூடமாக இயங்கி வருகிறது. மோமா பி.எஸ். 1 என்று இன்று அதற்குப் பெயர். 2024 ஏப்ரல் 4 முதல் செப்டம்பர் 2 வரை, பிலிப்பைன்ஸில் பிறந்த ஓவியர் பசீட்டா அபாட்டின் வாழ்நாள் படைப்புகளைத் தொகுத்துக் காட்டிய பெரிய கண்காட்சி அங்கே நடைபெற்றது. மினியாபொலிஸ் நகரின் வாக்கர் கலை மையத்தில் 2023-இல் தொடங்கி, சான் பிரான்சிஸ்கோ வழியாக நியூயார்க்குக்கு வந்து, பின்னர் டொராண்டோவுக்குச் சென்ற கண்காட்சி அது. அந்தக் கோடையில் நியூயார்க்கில் தங்கியிருந்த எனக்கு அதைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது.

பசீட்டா அபாட் 1946 அக்டோபரில், பிலிப்பைன்ஸின் வடகோடியில் புயல்கள் ஓயாமல் தாக்கும் பத்தானெஸ் தீவுகளில் பிறந்தார். நாடு அமெரிக்காவிடமிருந்து விடுதலை பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. தாயும் தந்தையும் அரசியலில் இருந்தார்கள். மகளும் சட்டம் படித்து அதே வழியில் செல்வார் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பாகவும் இருந்தது. அதிபர் மார்க்கோஸின் ஆட்சிக்கு எதிரான மாணவர் போராட்டங்களை அவர் முன்னின்று நடத்தியதைத் தொடர்ந்து, மணிலாவில் குடும்பத்தார் வசித்த வீட்டின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஸ்பெயினில் மேற்படிப்பைத் தொடரும் எண்ணத்துடன் 1970-இல் புறப்பட்டவர், உறவினரைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார். பிறகு அங்கேயே தங்கிவிட்டார். தையல் வேலையும் தட்டச்சு வேலையும் செய்து பிழைத்தபடி ஆசிய வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஓவியம் அவர் வாழ்வில் நுழைந்தது அதற்கும் பின்னால்தான். வளர்ச்சிப் பொருளியலாளரான கணவருடன் வங்கதேசம், சூடான், பாப்புவா நியூகினி, இந்தோனேசியா என்று ஊர் ஊராக வாழ்ந்தபோது, ஒவ்வோர் ஊரிலும் பெண்கள் துணியில் செய்த வேலையைக் கூர்ந்து பார்த்துத் தம் ஓவியத்துக்குள் கொண்டுவந்தார். 2004 டிசம்பரில் சிங்கப்பூரில் காலமானார்.

அவருடைய ஓவியங்களைப் புகைப்படத்தில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. டிரபுன்டோ என்ற இத்தாலியத் தையல் முறையை அவர் தமக்கேற்ற வகையில் வளர்த்தெடுத்தார். முதலில் கான்வாஸில் வண்ணம் தீட்டுகிறார். அதன் பின்னால் இன்னொரு துணியை வைத்து, இரண்டுக்கும் நடுவே பஞ்சைத் திணித்து, கோடுகளின் ஓரமாகக் கையாலேயே தைத்துக்கொண்டு போகிறார். முகத்தின் கன்னம், முகமூடியின் நெற்றி, மீனின் வயிறு எல்லாம் இதனால் உப்பி எழுகின்றன. அதற்கு மேல் சோழி, பொத்தான், பாசிமணி, ஜமிக்கி, சரிகை நூல், வட்டக் கண்ணாடித் துண்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பதிக்கிறார். சட்டகம் கிடையாது. பல ஓவியங்கள் சுவரை விட்டு விலகித் தொங்கவிடப்பட்டிருந்தன. ஆகவே சுற்றிப் போய் முதுகுப் பக்கத்தையும் பார்க்க முடிந்தது. நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். முன்பக்கத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பொங்கிய ஒரு முகமூடி, பின்பக்கத்தில் சாதாரணத் துணியின் மீது நூலோட்டங்களாக மட்டும் இருந்தது. சில இடங்களில் தையல் நெருக்கமாகவும் சீராகவும் போயிற்று. வளைவுகளில் நீண்டு தளர்ந்தது. முடிச்சுப் போட்ட இடங்களில் நூல் நுனிகள் வெட்டப்படாமல் நின்றன. அவ்வளவு பெரிய துணியை மடியில் போட்டு, திருப்பித் திருப்பித் தைத்த ஒருவரின் மணிக்கணக்கான உழைப்பு அந்த முதுகில் மறைப்பின்றித் தெரிந்தது.

துணியில் செய்தவை என்பதால் அவற்றைச் சுருட்டவும் மடிக்கவும் முடியும். நாடு விட்டு நாடு மாறிக்கொண்டே இருந்தவருக்கு இந்த முறை அவ்வளவு ஏற்றதாக இருந்தது. பெண்களின் கைவேலை என்று ஓவிய உலகம் நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்த ஒன்றை, முழு ஓவியத்துக்கான மொழியாக எடுத்துக்கொண்ட துணிவும் இதில் இருக்கிறது. 1984-இல் பிலிப்பைன்ஸ் அரசியலிலும் சமூகத்திலும் பெருமதிப்புடைய, பத்துச் சிறந்த இளைஞர்களுக்கான விருதைப் பெற்ற முதல் பெண் அவர். அதுவரை அந்த விருது ஆண்களுக்கு மட்டுமே வழங்கப்பட்டு வந்தது.

முகமூடிகளும், கடலுக்கடியில் மூழ்கிக் கண்ட பவளப் பாறைகளும், அரூப ஓவியங்களும் அறை அறையாக இருந்தாலும், கண்காட்சியின் உயிர் புலம்பெயர்ந்தோர் அனுபவம் என்ற வரிசையில்தான் இருந்தது என்பது என் எண்ணம். 1992-இல் அவர் உருவாக்கிய ‘எல்.ஏ. லிபர்ட்டி’ அந்த வரிசையைச் சேர்ந்தது. ஏறக்குறைய 8 அடி உயரமுள்ள அந்தத் துணியில் சுதந்திர தேவி நிற்கிறாள். கையில் தீப்பந்தமும் தலையில் கதிர்முடியும் நாம் அறிந்தவையே. தோல் மட்டும் பழுப்பு நிறம். அங்கி முழுவதும் பல வண்ணத் துண்டுகள். பின்னாலிருந்து வண்ணப் பட்டைகள் கதிர்களாக எல்லாப் பக்கமும் பாய்கின்றன. அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் கதையாகவே சொல்லப்பட்டு வந்த ஒரு சின்னத்தை, பசிபிக் கரையில் வந்திறங்கியவர்களுக்கும் உரியதாக அவர் மாற்றிவிட்டதாக நான் புரிந்துகொண்டேன். அசல் சிலை நிற்கும் துறைமுகம் அதே நகரத்தில் இருக்கிறது என்பதால், மற்ற எந்த ஊரிலும் கிடைத்திருக்க முடியாத ஓர் அழுத்தம் இந்த ஓவியத்துக்கு இங்கே கிடைத்தது.

வெளிநாட்டில் பிலிப்பினோப் பண்பாட்டைக் காட்சிப்படுத்துவதற்கு ஒரு நீண்ட, வேதனையான முன்கதை உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கண்காட்சியின் பெருமையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1884-இல் மாட்ரிட் நகரில் நடந்த தேசிய நுண்கலைக் கண்காட்சியில் பிலிப்பினோ ஓவியர் ஹுவான் லூனாவின் ‘ஸ்போலியாரியம்’ தங்கப் பதக்கம் பெற்றது. அவருடைய நாட்டவரான ஹிடால்கோ வெள்ளிப் பதக்கம் பெற்றார். ரோமானிய அரங்கில் மாண்ட வீரர்களின் உடல்கள் இழுத்துச் செல்லப்படும் அந்தப் பிரம்மாண்டமான ஓவியத்தில், காலனி ஆட்சியின் கீழ் கிடந்த தம் நாட்டையே பிலிப்பினோக்கள் கண்டார்கள். அந்த வெற்றியைக் கொண்டாட ஜூன் 25 அன்று நடந்த விருந்தில், மேதைமை எந்த ஒரு நாட்டுக்கும் தனிச் சொத்தன்று என்ற பொருள்பட, பின்னாளில் பிலிப்பைன்ஸின் தேசிய வீரராகப் போற்றப்பட்ட எழுத்தாளர் ஹொசே ரிசால் பேசினார். மூன்றே ஆண்டுகள் கழித்து, அதே மாட்ரிட்டின் ரெட்டீரோ பூங்காவில் பிலிப்பைன் தீவுகளின் பொருட்காட்சியை ஸ்பெயின் நடத்தியது. செடிகொடிகளுக்காக எழுப்பப்பட்ட கண்ணாடி மாளிகை இன்றும் அங்கே அழகாக நிற்கிறது. அந்தப் பொருட்காட்சியில் செடிகளோடும் பண்டங்களோடும் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மனிதர்களும் வேடிக்கைப் பொருளாக வைக்கப்பட்டார்கள். சிலர் அங்கேயே நோயுற்று இறந்தார்கள்.

1898-இல் ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்துத் தீவுகளைப் பெற்றுக்கொண்ட அமெரிக்கா அதே வழியில் இன்னும் பெரிதாகச் சென்றது. 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகப் பொருட்காட்சியில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் 47 ஏக்கர் பரப்பில் மாதிரிக் கிராமங்களில் மாதக்கணக்கில் குடிவைக்கப்பட்டார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள் சமைப்பதையும் ஆடுவதையும் பார்த்துவிட்டுப் போனார்கள். இவர்கள் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர்கள் என்று காட்டுவது அந்த ஏற்பாட்டின் நோக்கங்களில் ஒன்று. நூற்றிருபது ஆண்டுகள் கழித்து அதே அமெரிக்காவின் முன்னணிக் கலைக்கூடம் ஒன்றில், பத்தானெஸ் தீவில் பிறந்த ஒரு பெண்ணின் கண் வழியாக நான் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இந்த வரலாற்றோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான இரண்டு செய்திகளையும் இங்கே பதிவு செய்கிறேன். நியூயார்க்கின் ஏஷியா சொசைட்டி 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் பிலிப்பைன்ஸின் பழந்தங்கத்தைக் காட்சிக்கு வைத்தது. ஸ்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட அந்த அணிகலன்களில், சுரிகாவ் பகுதியில் 1981-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட புதையலும் அடங்கும். மணிலாவின் அயாலா அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் புதையலில், ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள தங்க முப்புரிநூல் ஒன்று உண்டு. வங்கக் கடலைக் கடந்து சென்ற வழிபாட்டு மரபுகள் எவ்வளவு தொலைவு எட்டின என்பதற்கு அதைவிடக் கனமான சான்றை நான் அறியேன். இரண்டாவது செய்தி பசீட்டாவைப் பற்றியது. 1970-களில் அவர் துருக்கியிலிருந்து ஆசியா முழுவதும் தரைவழியாகப் பயணம் செய்தபோது, இந்தியாவும் இலங்கையும் அந்தப் பாதையில் இருந்தன. ‘மார்க்கோஸும் அவர் கூட்டாளிகளும்’ என்ற, சுமார் 5 மீட்டர் உயரமுள்ள அவருடைய படைப்பு, இலங்கையின் சிங்களக் கிராமங்களில் நோய் தீர்க்க ஆடப்படும் சன்னிச் சடங்கின் முகமூடியை அடியொற்றியது. பதினெட்டு நோய்களைத் தரும் பதினெட்டுப் பேய்களையும், அவற்றின் தலைவனையும் காட்டும் முகமூடி அது. நடுவில் சர்வாதிகாரி, சுற்றிலும் அவர் கூட்டாளிகள். தன் நாட்டைப் பிடித்த நோய் எது என்பதை ஓவியர் சொல்லிவிட்டார். 1985-இல் அவர் அதைச் செய்யத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மக்கள் எழுச்சி மார்க்கோஸை நாட்டை விட்டே வெளியேற்றியது.

கலைக்கூடத்திலிருந்து வெளியே வந்து அதே ரயிலில் மேலும் கிழக்கே சென்றால், வுட்சைடு பகுதியில் லிட்டில் மணிலா வருகிறது. கண்காட்சியைப் பார்ப்பவர்கள் இங்கும் வந்தால்தான் பார்த்தது முழுமையாகும் என்று உறுதியாகச் சொல்வேன். ரூஸ்வெல்ட் அவென்யூவின் மீது ரயில் பாதை கூரையாக ஓட, அதன் நிழலில் பிலிப்பினோ அடுமனைகள், மளிகைக் கடைகள், பணம் அனுப்பும் நிலையங்கள், ஊருக்குப் பெட்டி அனுப்பும் சரக்கு முகவர்கள் என்று தெரு நீள்கிறது. 70-ஆம் தெரு சந்திப்புக்கு 2022 ஜூனில் லிட்டில் மணிலா அவென்யூ என்ற பெயரும் சேர்த்துச் சூட்டப்பட்டது. அந்தப் பெயரைப் பெற்றுத் தந்த முயற்சியின் பின்னாலும் ஓவியம் இருக்கிறது. 2020 ஜூனில், உள்ளூர் பிலிப்பினோக் கலைஞர்கள் செவிலியர்களைப் போற்றும் சுவரோவியம் ஒன்றை இந்தத் தெருவில் வரைந்தார்கள்.

அந்த ஓவியத்துக்குக் காரணமான துயரம் சாதாரணமானதன்று. அமெரிக்க ஆட்சிக் காலத்தில் பிலிப்பைன்ஸில் ஆங்கில வழிச் செவிலியர் பள்ளிகள் நிறுவப்பட்டன; 1948-இல் தொடங்கிய பரிமாற்றத் திட்டமும் 1965-இன் குடியேற்றச் சட்டமும் அங்கே பயின்ற பெண்களை அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அலை அலையாகக் கொண்டுவந்தன. அமெரிக்கச் செவிலியர்களில் பிலிப்பினோக்கள் 4 சதவீதம்தான். 2020 செப்டம்பரில் அந்நாட்டுச் செவிலியர் சங்கம் வெளியிட்ட அறிக்கையின்படி, கோவிட் நோயால் இறந்த செவிலியர்களில் அவர்கள் 31.5 சதவீதம். நியூயார்க்கில் நோய் உச்சத்தில் இருந்த நாட்களில் செய்திகளில் இடைவிடாமல் அடிபட்ட எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை, இதே ரயில் பாதையில் அடுத்த சில நிலையங்களுக்குள் இருக்கிறது. புலம்பெயர்ந்தவர்களின் கண்காட்சி என்றால் உடையும் நடனமும் விருந்துமாகவே பலர் எதிர்பார்க்கிறார்கள். அவையும் வேண்டியவையே, ஊரை விட்டு வந்தவர்களுக்கு அவை தரும் தெம்பை நான் அறிவேன். பசீட்டாவின் துணிகளில் மக்கள் கொண்டாட்டத்தோடு சேர்த்து வேலையும் செய்கிறார்கள், வரிசையில் காத்திருக்கிறார்கள், எல்லையில் பிடிபடுகிறார்கள். அவர்களுக்கு உரிய மரியாதை அந்த முழுமையில் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

வுட்சைடு உணவகம் ஒன்றில் சினிகாங் வாங்கிச் சாப்பிட்டேன். புளிக்கரைசலில் இறாலும் முள்ளங்கியும் கீரையும் கொதிக்கும் அந்தக் குழம்பு, நம் வீட்டு மிளகு சேர்க்காத புளிரசத்துக்கு அண்ணன் முறை. பரிமாறிய மூதாட்டி என்னை எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றதும், ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் தோசையைத் தாமும் விரும்பிச் சாப்பிடுவதாகச் சொன்னார். 1977-இல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோயில் இதே ரயிலின் கடைசி நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. கண்காட்சியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். மகளோடு போனதாகவும், சுதந்திர தேவியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டதாகவும் சொல்லி, கைப்பேசியில் அந்தப் படத்தையும் காட்டினார்.

அந்தக் கண்காட்சி முடிந்துவிட்டது. ஆனால் பசீட்டாவின் பெரிய படைப்பு ஒன்றைப் பார்க்க நம்மில் பலருக்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. சிங்கப்பூர் ஆற்றின் மீது, ராபர்ட்சன் கீ பகுதியில், பழைய சரக்குப் படகின் வடிவத்தில் அல்காஃப் பாலம் இருக்கிறது. புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த நாட்களில், 55 வண்ணங்களில் 2,300-க்கும் மேற்பட்ட வட்டங்களால் அந்தப் பாலம் முழுவதையும் அவர் ஓவியமாக்கினார். 2004 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. நடந்து செல்வோருக்கான பாலம் என்பதால் கட்டணமும் இல்லை, மூடும் நேரமும் இல்லை. உறவினரைப் பார்க்கவோ வேலையாகவோ சிங்கப்பூர் செல்பவர்கள், விமானம் ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் அங்கே போய் வாருங்கள். வெயில் தாழ்ந்த பிறகு போனால் நிதானமாக நின்று பார்க்கலாம்.