எல்லாம் முடிந்த பிறகுதான் புஷ்ராட்

இன்ஜினைப் பிரித்துப் போட்ட அன்றே, "புஷ்ராடையும் சேர்த்து ஆர்டர் போட்டுடலாமே" என்பார் வண்டிக்காரர். பொறுங்கள் என்பேன். சிலிண்டர் துளையான போரையும் கிராங்கையும் அளந்துவிட்டால் பிஸ்டன், பேரிங் சைஸ் தெரிந்துவிடும். சுழலும் கேம் அதன்மேல் உட்காரும் டேப்பட்டைத் தள்ள, அந்தத் தள்ளலை மேலே ராக்கர் என்ற நெம்புகோலுக்குக் கொண்டுபோய் வால்வைத் திறக்கவைக்கும் கம்பிதான் புஷ்ராட். அது அப்படியில்லை. மற்ற வேலையெல்லாம் முடிந்தால்தான் வேண்டிய நீளம் தெரியும்.

சிலிண்டரை மூடும் ஹெட்டின் அடியை அரை மில்லிமீட்டர் இழைத்தால் ராக்கரும் அவ்வளவு கீழே வரும். பழைய ராட் இருக்க வேண்டியதைவிட அரை மில்லி நீளமாகிப்போகும். கேமைத் தேய்த்து ரீகிரைண்ட் செய்தால் மேடில்லாத அதன் அடிவட்டம் சிறுத்து டேப்பட் இறங்கும். அதே ராட் இப்போது குட்டை. ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் தடித்தாலும் குட்டைதான். பலர் கணக்கில் விடுவது, மூடும்போது வால்வ் வந்து உட்காரும் சீட்டை: அதை வெட்டினால் வால்வ் தண்டு மேலேறும். "இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிடும்" என்பார் கூட வேலை செய்தவர். சரியாகவும் போகலாம், ஒன்றோடொன்று கூடியும் போகலாம். அளக்காமல் எப்படித் தெரியும்?

எனக்கு வேண்டியது நீளத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் சோதனை ராடும் ஒரு மார்க்கரும்தான். வால்வில் மெல்லிய ஸ்பிரிங் போட்டுக்கொள்வேன். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டேப்பட் என்றால் அமுங்காதபடி செய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் அளவே பொய். தண்டின் நுனியில் மை பூசி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு, ராக்கர் தேய்த்த தடத்தைப் பார்ப்பேன். தடம் நடுவில் விழுந்தால் போதும் என்பது பொதுவான பேச்சு. நான் முதலில் பார்ப்பது அது எவ்வளவு ஒடுக்கம் என்று. தடம் அகலமாக இருந்தால் ராக்கர் தண்டின் மேல் அதிகம் இழுபடுகிறது. அந்தப் பக்கவாட்டுத் தள்ளல் முழுக்க, தண்டைத் தாங்கும் வால்வ் கைடின் தலையில் விழும்.

இதெல்லாம் தனித்தனி ஸ்டட் போல்ட்டில் உட்காரும் ராக்கருக்கு. ஷாஃப்டில் கோத்த ராக்கராக இருந்தால் ராடை மாற்றித் தடத்தைத் திருத்த முடியாது. ஷாஃப்ட் தாங்கியின் உயரத்தைத்தான் மாற்ற வேண்டும். அட்ஜஸ்ட் ஸ்குரூவும் இல்லாத வகை என்றால் டேப்பட்டின் அமுக்கம், அதாவது வால்வ் மூடியிருக்கும்போது டேப்பட் உள்ளே அமுங்கியிருக்கும் அளவு, முழுதும் ராட் நீளத்தைப் பொறுத்தது. பல ஹைட்ராலிக் டேப்பட்டுகளுக்கு 0.5 முதல் 1.5 மி.மீ. வரை அமுக்கம் சொல்வார்கள். தயாரித்தவர் கொடுத்த எண் கையில் இருந்தால் அதுதான் கணக்கு. குறைந்தால் டிக்டிக் சத்தம். சத்தமாவது காதில் விழும். ராட் நீண்டு டேப்பட் அடிவரை அமுங்கினால் வால்வ் முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், எக்ஸாஸ்ட் வால்வ் கருகும். சத்தமே வராது.

இன்டேக்கில் ஒன்று, எக்ஸாஸ்டில் ஒன்று என இரண்டையும் அளப்பேன், சீட் இரண்டிலும் ஒரே அளவு வெட்டுப்பட்டிருக்காது. ஆர்டர் போடும்போதும் ஒரு சிக்கல் உண்டு. எண்ணெய்த் துளை இருக்கும் இடத்தில் ராட் நுனிக் குண்டின் முனை தட்டையாக இருக்கும். சிலர் அந்தத் தட்டையிலிருந்து அளப்பார்கள், சிலர் குண்டு முழுசாக இருப்பதாக வைத்துக் கணக்கிடுவார்கள். அதனால் போனில் வெறும் எண்ணைச் சொல்வதில்லை, எங்கிருந்து எங்கே அளந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.