கருப்பட்டிக் கருவிக்கு அரசு மானியம்: மார்ச் 31க்கும் பதனீர்ப் பருவத்துக்கும் நடுவில்

கருப்பட்டியில் சீனி கலந்திருக்கிறதா என்று சந்தையில் நின்றபடியே சொல்லிவிடும் ஒரு சிறு கருவி. அதுதான் என் திட்டம். படித்தது வேதியியல், ஊர் நெல்லை மாவட்டத்தில் திசையன்விளைப் பக்கம். வேறு எதை ஆராயப் போகிறேன்? மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் மானியம் வாங்கி, மாதிரிக் கருவியைச் செய்து, கணக்கையும் ஒப்படைத்தாயிற்று. இந்தப் பக்கத்திலிருந்து விண்ணப்பிக்க நினைக்கும் சிலர் விவரம் கேட்டார்கள். அவர்களுக்காக இது.

முதல் குழப்பம், எந்தக் கதவைத் தட்டுவது என்பது. 2021இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில் மாதிரி செய்து சோதிக்க 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் பதிவு செய்த நிறுவனம் வேண்டும், அது தொடங்கி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வேறு அரசுத் திட்டங்களில் ஏற்கெனவே 10 லட்சத்துக்கு மேல் பண உதவி பெற்றவர்களுக்கும் இடமில்லை. மத்திய அரசின் பைராக் நிறுவனம் தரும் ‘பிக்’ மானியம் 50 லட்சம் வரை போகும். அது உயிரித் தொழில்நுட்பத்துக்கானது. பிரயாஸில் தனி ஆளாகவே விண்ணப்பிக்கலாம், உச்சவரம்பு 10 லட்சம். அந்த உச்சவரம்பை நான் குறையாக நினைக்கவில்லை. 10 லட்சத்தைத் தாண்டாததால் நாளை விதை நிதிக்குப் போகவும் வழி அடைபடாது. இந்த வரிசையை யோசிக்காமல் பெரிய தொகைக்கு முதலில் ஓடுகிறவர்கள் நிறையப் பேர். புதுத் தொழில்களுக்கு உதவும் தமிழக அரசு அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன்னின் வட்டார மையம் நெல்லையிலேயே இருக்கிறது. இதையெல்லாம் அங்கே விசாரித்துக்கொண்டு இறங்குவது நல்லது.

பணத்தை அரசு நேரடியாக நம் கையில் தருவதில்லை. புதுத் தொழில் முயற்சிகளை வளர்த்துவிடும் ஓர் இன்குபேஷன் மையத்துக்குத் தருகிறது, மையம் நமக்குத் தருகிறது. நேர்காணலும் அங்கேதான். குழுவில் இருந்த ஒரு மூத்த பேராசிரியர் விண்ணப்பத்தைப் புரட்டக்கூட இல்லை. “சீனியும் சுக்ரோஸ், கருப்பட்டியும் பெரும்பகுதி சுக்ரோஸ். எதை வைத்துப் பிரிப்பீர்கள்?” என்றார். கேட்க வேண்டிய கேள்வி. மூலக்கூறு ஒன்றுதான்; ஆனால் அது பிறந்த செடி வேறு. கரும்பு சி-4 வகைத் தாவரம், பனை சி-3 வகை. காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறுபடுவதால், கார்பன்-13 என்ற கனமான ஐசோடோப்பு (கார்பனின் எடை கூடிய வகை) கரும்புச் சீனியில் சற்றுக் கூடுதலாகத் தங்கிவிடும். ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டு அளந்தால் கரும்புக்கு ஆயிரத்தில் மைனஸ் 12 அளவில் வரும், சி-3 தாவரங்களுக்கு மைனஸ் 26 அளவில். தேனில் கரும்புச் சர்க்கரைக் கலப்பைப் பிடிப்பதும் இந்த வழியில்தான். ஐசோடோப்பை அளக்கும் இயந்திரத்தைத் திசையன்விளைச் சந்தைக்குத் தூக்கிவர முடியாது. அதனால் கையடக்க அகச்சிவப்பு ஸ்கேனர் ஒன்றை, ஐசோடோப்பு முடிவு தெரிந்த மாதிரிகளைக் கொண்டு பழக்குவது என்று எழுதியிருந்தேன். அவர் தலையசைத்தார். குழுவில் மற்றவர்கள் விற்பனையைப் பற்றிக் கேட்டார்கள். அது சுருக்கமாக முடிந்தது.

ஸ்கேனருக்கு மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், ஜிஎஸ்டி பில் என்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. சிக்கல் கருப்பட்டியில். கலப்பே இல்லை என்று கண்ணால் பார்த்த சரக்குதான் எனக்கு வேண்டும். அதற்கு, கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியில் போய் உட்கார வேண்டும். பனையேறி இறக்கிக்கொண்டு வரும் பதனீரை அங்கே வடிகட்டித் தாச்சியில் ஊற்றுவார்கள். பாகு பதம் பார்த்துச் சிரட்டையில் வார்க்கும் வரை அடுப்பை விட்டு நகரவே முடியாது. அதே பாகில் நான் எடைபோட்டுச் சீனி சேர்த்துத் தனித்தனி மாதிரிகளையும் வார்த்துக்கொண்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சிக்கு அது பொறுக்கவில்லை. “ஊரெல்லாம் கலக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு நீயே கலக்குகிறாயே, தம்பி” என்றார்.

அந்த ஆச்சியிடம் ஜிஎஸ்டி பில் எங்கே கேட்பது? ரொக்க ரசீது எழுதி, தொகை 5,000 ரூபாயைத் தாண்டியதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேலேயே கையெழுத்து வாங்கினேன். போட்டுவிட்டு, “இதைக் காட்டினால் எனக்கும் மானியம் வருமா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மையத்தின் கணக்குப் பிரிவோ ரசீதைத் திருப்பி அனுப்பியது. விடிலியின் படம், எடை எழுதிய நோட்டின் நகல், அந்தப் பகுதியில் பில் தரும் விற்பனையாளர் இல்லை என்ற விளக்கக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பிய பிறகே ஏற்றுக்கொண்டார்கள். கிராமத்தில் பொருள் வாங்கும் திட்டமென்றால், இப்படிப்பட்ட ரசீது செல்லும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும். ஒத்துவராதது நாள்காட்டி. எங்கள் பக்கம் மாசி வாக்கில் பதனீர் தொடங்கினால் ஆடி வரை ஓடும். அந்தப் பருவத்தின் குறுக்கே, நிதியாண்டு முடியும் மார்ச் 31 விழுகிறது. கையில் இருக்கும் பணத்தைக் காட்டி, செலவழியாததற்குக் காரணம் சொல்லி, அடுத்த ஆண்டில் செலவிட அனுமதி பெற வேண்டும். மரம் பாளைவிட்டு நிற்கும்போது நான் ஆடிட்டர் அலுவலகத்தில் நின்றேன்.

இதற்கு நடுவில், எதிர்பார்த்ததைவிட அதிக ஐசோடோப்பு சோதனை தேவைப்பட்டது. செலவுத் திட்டத்தில் பயணத்துக்கென ஒதுக்கிய தலைப்பில் பணம் மிச்சமிருந்தது. சோதனைத் தலைப்பில் தீர்ந்துவிட்டது. மொத்தத் தொகையில் ஒரு ரூபாய் கூடவில்லை என்றாலும், ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முன்அனுமதி வேண்டும். கடிதம் கொடுத்தேன், நினைவூட்டினேன், மறுபடி நினைவூட்டினேன். அனுமதி வந்து சேர்ந்தபோது ஆடியும் முடிந்து பனையில் கலயம் இல்லை. விடிலியில் எடுத்த மாதிரிகளைக் காற்றுப் புகாமல் கட்டி உறைநிலையில் வைத்திருந்ததால் திட்டம் பிழைத்தது. அனுமதி தாமதமானதற்கு யாரும் விளக்கம் தரவில்லை. அறிக்கையில் மட்டும் தாமதத்துக்கான காரணத்தை நான் எழுத வேண்டியிருந்தது!

கணக்கு முடிக்கும்போது தெரிந்துகொள்ள வேண்டியவை சில. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, மானியப் பணத்துக்கு வங்கி தரும் வட்டியும் அரசுக்கே சேரும். மானியம் பெறும் நிறுவனம் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும் என்பதால், மையம் நம்மிடமும் அதே ஒழுங்கை எதிர்பார்க்கிறது. வீட்டுச் செலவுக் கணக்கில் இந்தப் பணத்தைப் போட்டுவிட்டால் வட்டியைப் பிரிப்பதற்குள் மண்டை காய்ந்துவிடும். தனிக் கணக்கு திறந்துவிடுங்கள். மானியத்தில் வாங்கிய கருவியை அனுமதியின்றி விற்கவும் முடியாது. என் ஸ்கேனர் சொத்துப் பதிவேட்டு எண் எழுதிய ஸ்டிக்கருடன்தான் சந்தைக்கு வருகிறது.

அடுத்து விதை நிதிக்கு விண்ணப்பம் தயாராகிறது. இந்த முறை சோதனைத் தலைப்பைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். கால அட்டவணையில் மாதிரி சேகரிப்பைப் பருவம் பார்த்துத் தனிக் கட்டமாகப் பிரித்து, அதற்கான தவணை மாசிக்கு முன்பே வர வேண்டும் என்று தனிப் பத்தியில் காரணத்தோடு கேட்டிருக்கிறேன்.