'மேக்' என்றால் 'செய்' என்று எழுதிக்கொடுக்காதீர்கள்

ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகளின் இங்கிலீஷ் கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தால் இந்த வரி கட்டாயம் கண்ணில் படும்: 'மேக் – செய்'. அதற்கு நாலு வரி மேலே 'டூ – செய்' என்றும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே கருத்தைக் கொடுத்துவிட்டு, ஹோம்வேர்க்குக்கு முன்னால் எது வரும், மிஸ்டேக்குக்கு முன்னால் எது வரும் என்று பரீட்சையில் கேட்டால் அந்தப் பிள்ளை எதை வைத்து முடிவெடுக்கும்?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கோயில் மண்டபத்தில் பின்னேரங்களில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். டியூஷனுக்கு டவுன் வரைக்கும் பஸ் ஏற முடியாத பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள். மனப்பாடம் செய்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் அவர்கள் மனப்பாடம் செய்கிற வரி சரியானதாக இருக்க வேண்டும் என்று எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

நம் வீட்டுப் பேச்சையே கேளுங்கள். தேத்தண்ணியை நாம் செய்வதில்லை, ஊத்துகிறோம். சத்தம் போடுகிறோம். பிழை விடுகிறோம். முடிவு எடுக்கிறோம். வாக்குக் கொடுக்கிறோம். சிநேகம் பிடிக்கிறோம். இந்த ஆறு இடத்திலும் இங்கிலீஷ்காரர் மேக் என்ற ஒன்றைத்தான் வைக்கிறார். தமிழில் ஒவ்வொரு பெயருக்கும் அதற்கென்று ஒரு வினை இருக்கிறது. பிழையை 'எடுத்தேன்' என்றோ முடிவை 'ஊத்தினேன்' என்றோ எந்தக் குழந்தையும் சொல்லாது. எது எதோடு சேரும் என்பதை யாரும் அதற்குப் பாடமாக எடுக்கவில்லை, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் கேட்டுக் கேட்டு வந்தது. ஆகவே கொப்பியில் மேக்கைத் தனியாக எழுத விடமாட்டேன். 'மேக் எ மிஸ்டேக் – பிழை விடு', 'மேக் எ நாய்ஸ் – சத்தம் போடு' என்று முழுசாக எழுத வேண்டும். 'மேக் த பெட்' வந்தால் கட்டில் அடிக்கிற தச்சு பாஸ் அல்ல, காலையில் எழுந்து போர்வையை மடித்து விரிப்பைச் சரிபண்ணுகிற பிள்ளை மனதில் வர வேண்டும். 'டிட் யூ மேக் த ட்ரெய்ன்?' என்றால் பொடி மெனிக்கே ரயிலைப் பிடித்தாயா என்று அர்த்தம்.

ஆனாலும் இந்தச் சொல்லைப் படிக்க நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிற இடம் வேறு யாருக்கும் கிடையாது. என் அப்பா இஸ்டோரில், அதாவது தேயிலை ஃபாக்டரியில், ரோலர் அடியில் வேலை பார்த்தவர். அங்கே பொறுப்பில் இருக்கிறவர் டீமேக்கர் ஐயா. அவர் தேத்தண்ணி ஊத்துகிறவர் இல்லை. பச்சைக் கொழுந்தைத் தூளாக ஆக்குகிறவர். கொழுந்து தொட்டியில் இரவெல்லாம் காற்றில் வாட வேண்டும், பிறகு ரோலரில் சுருள வேண்டும், நிறம் மாறும் வரை புளிக்க வேண்டும், அடுப்புச் சூட்டில் காய வேண்டும், கடைசியில் சலித்துத் தரம் பிரிக்க வேண்டும். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து போனால் ஒரு கிலோ தூள் வரும். அந்தத் தூளுக்குக் கணக்குப் புத்தகத்தில் 'மேட் டீ' என்று பெயர். கொழுந்து நிறுப்பதைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். அதே சொல் அடுப்படிக்கு வந்து 'மேக் டீ' ஆனால் கேத்தலில் தண்ணீர் கொதிக்கிறது. வெளிநாட்டுக் கடையில் டீமேக்கர் கேட்டால் ஒரு மின்சாரச் சாமானைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

இங்கேதான் தமிழில் மேக்குக்கு மிக நெருங்கி வருகிற வினையும் கிடைக்கிறது: ஆக்கு. 'சோறாக்கியாச்சா?' என்று அப்பாயி கேட்பதில் இருக்கிற அதே ஆக்கு. ஒன்றாக இருந்ததை இன்னொன்றாக மாற்றுவது. 'ஷீ மேட் மீ ஹாப்பி' என்பதை 'என்னைச் சந்தோஷமாக்கினாள்' என்றால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது. பழைய ஸ்காட்லாந்துப் பேச்சில் கவிஞருக்கே 'மக்கார்', ஆக்குகிறவர், என்று பெயர். கண்டிப் பக்கத்து லூல்கந்துரையில் 1867-ல் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர் அந்த ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்தான்.

ஆள்மேல் வருகிற மேக் இன்னொரு வகை. 'அம்மா என்னைப் படிக்க வைத்தாள்' என்று நாம் வினைக்குப் பின்னால் 'வை' சேர்த்துச் சொல்வதை அவர்கள் 'மை மதர் மேட் மீ ஸ்டடி' என்கிறார்கள். ஸ்டடிக்கு முன்னால் 'டு' வராது. செயப்பாட்டுக்குத் திருப்பினால் மட்டும் அந்த 'டு' வந்துவிடும்: 'ஐ வாஸ் மேட் டு ஸ்டடி'. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிறவர்கள் இதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழக வேண்டும்.

செயப்பாட்டு என்றதும் நான் கட்டாயம் கொடுக்கிற வாக்கியம் ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த நம் மலையக மக்களைப் பற்றிய இங்கிலீஷ் கட்டுரைகளில் அடிக்கடி வருவது: 'தே வேர் மேட் ஸ்டேட்லெஸ்'. நாடற்றவர்கள் ஆக்கப்பட்டார்கள். இலக்கணப்படி வாக்கியம் முழுமையானது. ஆக்கியது யார் என்பது மட்டும் அதில் இல்லை. 'பை' போட்டுச் செய்தவரைக் காட்டுவது கட்டாயமில்லை என்று பாடப்புத்தகம் சொல்லும். என் வகுப்பில் அது கட்டாயம். ஆக்கியது யார் என்று கேட்பேன். பிள்ளைகள் வீட்டில் கேட்டுக்கொண்டு வருவார்கள். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அதை நிறைவேற்றிய பாராளுமன்றம். இங்கேயே பிறந்தவராக இருந்தாலும், தகப்பனோ அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கக் கேட்ட சட்டம் அது. லயத்துக் காம்பராவில் பிறந்த எத்தனையோ பேருக்குப் பிறப்புச் சான்றிதழே இருந்ததில்லை.

பிறகு அந்த வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றி எழுதச் சொல்வேன்: 'பார்லிமென்ட் மேட் தெம் ஸ்டேட்லெஸ்'. அதற்கடுத்த வரியில் 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தை எழுவாயாக வைத்து, இந்த முறை 'மேட் தெம் சிட்டிசன்ஸ்' என்று முடிக்கிற வாக்கியத்தையும் எழுத வேண்டும். இரண்டையும் ஆண்டோடும் எழுவாயோடும் எழுதியிருந்தால்தான் முழுப் புள்ளி போடுகிறேன்.